அந்தக் கண்ணாடி ஏன் அலமாரியில் இருக்கிறது?

கேள்வி: கொலுசுப் பட்டறைக்குப் போய் எங்களை வளர்த்த அம்மாவுக்கு இப்போது 74 வயது. 30 வருடமாக மனச்சிதைவு நோய். அப்பா போன பிறகு ஏற்காட்டில் ஒரு காப்பகத்தில் சேர்த்தேன். மாதம் ஒருமுறை போகிறேன். நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். உடைத்துவிடுவார் என்று கண்ணாடி, பல்செட்டைக்கூட ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்று மாதமாக அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இனியும் போகத்தான் வேண்டுமா?
- வாசகர், சேலம்

பதில்: தம்பி, கண்ணாடியை எடுத்து எத்தனை மாதம் ஆகிறது? அதை எழுதவில்லையே. கொலுசின் பொடிப்பொடிச் சலங்கையைப் பார்த்துப் பார்த்துக் கண் போன மனுஷி, கண்ணாடி இல்லாமல் வாசலில் நிற்கும் உங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்? 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன நீங்கள், அந்த அலமாரியைத் திறக்கச் சொல்ல ஏன் வாய் திறக்கவில்லை?

காப்பகத்தில் சேர்த்ததற்காக நான் திட்ட மாட்டேன். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. ஆனால் பணம் கட்டிவிட்டால் பிள்ளையின் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நோயாளிக்கு மொட்டை அடிக்கக் கூடாது, யூனிஃபார்ம் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க, கண் தெரிய வேண்டிய கண்ணாடியைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் கவனிப்பா? பல்செட்டும் இல்லையென்றால் என்ன சாப்பிடுகிறார்? கஞ்சியா? எடை பார்த்தார்களா, கேளுங்கள்.

அப்புறம் மருந்துச் சீட்டு. கை நடுக்கத்துக்கு என்று சேர்த்துக் கொடுக்கும் ‘பேசிட்டேன்’ (Pacitane) என்கிற மாத்திரை வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் குழப்பும், மலச்சிக்கலும் வரும். தூக்க மாத்திரையும் மந்தமாக்கும், நடக்கும்போது தள்ளாட வைக்கும். சிறுநீர்த் தொற்று வந்தால்கூடப் பெரியவர்களுக்குப் புத்தி தடுமாறும். பழைய வியாதிதான் முற்றிவிட்டது என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தியும் விடாதீர்கள். சீட்டோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு சேலம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். சிறுநீர், ரத்தம், கண் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரியில் ஏதாவது ஒன்று என்றால் 14416க்குப் போன் போடுங்கள், டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம்தான்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை போய் அந்த அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். உடைந்தால் உடையட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடியைத் துடைத்து நீங்களே அம்மாவுக்குப் போட்டுவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, பெயரைச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.