தென்னையும் ஆறும் பக்கத்திலேயே இருந்தும், சின்ன வயதில் படித்த கதையால் தூரத்துத் தீவுக்கு ஏன் மனம் ஏங்குகிறது?

தென்னைக்காக இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கா பஞ்சம்? மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சா, நாற்று விட்டாச்சா என்ற பேச்சிலேயே வளர்கிற பிள்ளை, நூலகத்தில் எடுத்த கதையில் பையன்களே குடிசை போட்டு, மீன் பிடித்து, ஏன் என்று கேட்கப் பெரியவர்களே இல்லாமல் வாழ்வதைப் படித்தால் ஆசை ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும். இத்தனைக்கும் எழுதியவரே அங்கே போனதில்லை. ‘பவளத் தீவு’ எழுதிய பாலன்டைன் ஸ்காட்லாந்துக்காரர். 1850-களில் கதை நடக்கிற தென் பசிபிக் கடலைப் பார்க்காமலே எழுதியதில், கடையில் விற்கிற மாதிரி மட்டை இல்லாத தேங்காயை மரத்தில் தொங்கவிட்டுவிட்டார் (நம்மூர்ப் பிள்ளை சிரித்திருக்கும்). ‘புதையல் தீவு’ ஸ்டீவன்சனும் ஸ்காட்லாந்தில் இருந்துதான் எழுத ஆரம்பித்தார். அது 1883-இல் புத்தகமானது. அப்புறம்தான் தென் பசிபிக்கில் இருக்கிற சமோவாத் தீவில் போய்க் குடியேறி, 1894-இல் அங்கேயே இறந்தார்.