கடற்பாசிச் சாற்றில் ஊறவைத்தும் நாற்று குட்டையானது ஏன்?

கேள்வி: கடையில் வாங்கிய செறிவான கடற்பாசிச் சாற்றை 10 சதவீதம் கலந்து, பச்சைப்பயறு விதைகளை இரவு முழுவதும் ஊறவைத்தேன். வெறும் நீரில் ஊறிய விதைகளின் நாற்றுகளே உயரமாக வளர்ந்தன. சாறு போலியா? முறையாகச் சோதிப்பது எப்படி?

பதில்: சாற்றின் மீது இப்போதே பழி போட வேண்டாம். 10 சதவீதம் என்றால் லிட்டருக்கு 100 மில்லி. செறிவான சாறுகளை லிட்டருக்குச் சில மில்லி அளவில்தான் கலப்பார்கள். கப்பாஃபைக்கஸ் என்ற கடற்பாசியைப் பச்சையாகப் பிழிந்த சாற்றை இலைவழியாக 5 முதல் 15 சதவீதம் வரை தெளித்துப் பார்த்த சோதனைகள் உண்டு. ஆனால் அது வேறு சரக்கு. செறிவான சாற்றில் உப்பு மிகுதி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு பிரித்தெடுத்ததாக இருந்தால் காரத்தன்மையும் கூடுதல். அந்தக் கரைசலில் விதையால் நீரைச் சரியாக உறிஞ்ச முடியாது. சாற்றில் உள்ள ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளும் சிறிதளவில் வேரைத் தூண்டும், மிகுந்தால் வேர் நீள்வதையே தடுக்கும்.

எனவே ஒரே அளவை நம்பாதீர்கள். லிட்டருக்கு 1, 2, 5, 10, 50 மில்லி என்று ஐந்து கரைசல்களும் வெறும் நீரும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 25 விதைகள் கொண்ட நான்கு தொகுதிகள். ஊறும் நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, ஆறு மணி நேரம் போதும். ஈரத்தாளில் சுருட்டி வைத்து ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணி, வேரையும் தண்டையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். முளைப்புச் சதவீதத்தை நாற்றின் சராசரி நீளத்தால் பெருக்கினால் வீரியக் குறியீடு கிடைக்கும். சுருள்களின் மீது எண் மட்டும் எழுதி, எது எந்தக் கரைசல் என்பதை வேறொருவர் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஆசை அளவுகோலையும் வளைத்துவிடும்.

இவ்வளவு செய்தும் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நாற்று செழித்தது ஊக்கிகளாலா, சாற்றில் இருக்கும் பொட்டாசியத்தாலா? வெறும் நீருடன் மட்டும் ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்காது. அதே சாற்றில் ஓர் அளவை உலர்த்தி, உலையில் எரித்துச் சாம்பலாக்கி, பழைய கனஅளவுக்கே நீரில் கரைத்து, கார அமில நிலையையும் சமமாக்கி இன்னொரு ஒப்பீடாக வையுங்கள். எரியும்போது ஊக்கிகள் அழியும், தாது உப்புகள் பெரும்பாலும் தங்கும். உலை இல்லையென்றால், மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) சாற்றுக்குச் சமமாகும் வரை பொட்டாசியம் சல்பேட்டை நீரில் கரைத்து வைக்கலாம். அது துல்லியத்தில் ஒருபடி கீழேதான், ஆனாலும் வெறும் நீரைவிட எவ்வளவோ மேல். சாறும் சாம்பல் கரைசலும் ஒரே பலனைத் தந்தால், நீங்கள் வாங்கியது விலை கூடிய பொட்டாஷ் உரம்தான்.

விதைச் சோதனையில் தேறிய அளவைத் தொட்டிச் செடிகளுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். இலைக்கு ஏற்ற அளவு வேறாக இருக்கும். தெளிக்கும் நாளில் ஒப்பீட்டுச் செடிகளுக்கும் அதே அளவு நீரைத் தெளியுங்கள். உயரத்தை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம், நிழலில் நின்ற செடியும் நெடுநெடுவென வளரும். 30 நாள் கழித்துச் செடியைப் பிடுங்கி, 70 டிகிரி செல்சியஸில் எடை மேலும் குறையாத நிலை வரும் வரை உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். இடம் இருந்தால் தொட்டிகளில் பாதிக்குத் தண்ணீரைக் குறைத்து விடுங்கள். நல்ல நீரும் உரமும் பெறும் செடியில் புலப்படாத பலன், வறட்சியில் வாடும் செடியில் தெரிவதுண்டு.