ரன்னரை வெட்டினால் 7,000 வரை இழுக்குமா?

கேள்வி: என்னுடையது 1.3 லிட்டர், 16 வால்வு மாருதி எஸ்டீம். செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காகவே வைத்திருக்கிறேன். 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் மூச்சு வாங்குகிறது. “இன்டேக் மேனிஃபோல்டு ரன்னரைப் பாதியாக வெட்டி, உள்ளே குடைந்து, பாலிஷ் போட்டுத் தருகிறேன், 7,000 வரை இழுக்கும்” என்கிறார் ஒரு மெக்கானிக். செய்யலாமா? — கோவை வாசகர்

வெட்டலாம். ஆனால் பாதியாக வேண்டாம், இப்போதே வேண்டாம், பாலிஷ் வேண்டவே வேண்டாம். (இன்டேக் மேனிஃபோல்டு என்பது எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் குழாய்தான் ரன்னர்.)

முதலில் ஒரு நண்பரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து, காற்றை உள்ளே விடும் மூடியான த்ராட்டில் பிளேட் முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். கேபிள் தளர்ந்து முக்கால்வாசிதான் திறக்கும் வண்டிகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியாக இருந்தால் மேனிஃபோல்டில் ஒரு வாக்யூம் கேஜ் மாட்டி, டிராக்கில் முழு த்ராட்டிலில் 6,000 வரை ஏற்றுங்கள். கேஜைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். முள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் ஏர் ஃபில்டரும் த்ராட்டில் பாடியும் காற்றைத் தடுக்கவில்லை. ஒன்றரை இன்ச் மெர்க்குரிக்கு மேல் காட்டினால் ரன்னர்கள் எல்லாம் கிளம்பும் பொதுக் காற்று அறையான பிளீனத்துக்கு முன்னாலேயே தடை இருக்கிறது. அப்போது ரன்னரை வெட்டிப் பயனில்லை.

இரண்டும் சரி என்று வைத்துக்கொண்டு மேனிஃபோல்டுக்கு வருவோம். ரன்னர் வெறும் குழாய் இல்லை. பிஸ்டன் வேகமாகக் கீழே இறங்கும்போது, ஹெட்டுக்குள் வால்வுக்குப் போகும் வழியான போர்ட்டில் அழுத்தம் சட்டெனக் குறைகிறது. அந்தக் குறைவு ஓர் அலையாக, ஒலியின் வேகத்தில் ரன்னர் வழியே பின்னோக்கி ஓடுகிறது. பிளீனத்தில் இருக்கும் திறந்த வாயைத் தொட்டதும் தலைகீழாகி, அழுத்தம் கூடிய அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக் வால்வு மூடப்போகும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே திணிக்கப்படும். முன்னாடியே வந்தாலும் பிந்தி வந்தாலும் அந்தப் பலன் போச்சு.

சூடான இன்டேக் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். கிராங்க் 90 டிகிரி சுற்றுவதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 ஆர்பிஎம்மில் 90 டிகிரிக்கு 3 மில்லி நொடி. அதற்குள் அலை 1,050 மி.மீ. ஓடும், ஒரு வழிக்கு 525. 6,500-ல் கிடைப்பது 2.3 மில்லி நொடி, ஒரு வழிக்கு 404 மி.மீ. 7,500-ல் 350. இந்த நீளம் வால்வில் தொடங்குகிறது, அதாவது ஹெட்டுக்குள் இருக்கும் போர்ட்டும் சேர்த்தி. அலை ஒரே தடவை போய் வந்து நிற்பதில்லை, இரண்டாவது மூன்றாவது எதிரொலிகளும் வேலை செய்யும். வால்வைத் திறந்து மூடும் கேமும் கணக்கை மாற்றும். அதனால் இதை அப்படியே லேத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கணக்கு சொல்ல வருவது ஒன்றுதான்: பலன் கிடைக்கும் ஆர்பிஎம்மை 5,000-லிருந்து 6,500-க்கு நகர்த்தவே நீளத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டினால் போதும். பாதியை வெட்டினால் அந்த இடம் உங்கள் எஞ்சின் எட்டவே முடியாத ஆர்பிஎம்முக்குப் போய்விடும்.

‘நகர்த்த’ என்றேன், ‘கூட்ட’ என்று சொல்லவில்லை. 1960-ல் கிரைஸ்லர் தன் 300எஃப் காரில் 30 இன்ச் நீள ராம் குழாய்களை, அதாவது நீண்ட ரன்னர்களை, வைத்தது. 375 குதிரைத்திறன், 2,800 ஆர்பிஎம்மிலேயே 495 பவுண்டு-அடி டார்க். அதே காருக்கு இன்னொரு எஞ்சினும் இருந்தது. அதில் குழாய் வெளியே பார்க்க அதே நீளம்தான். உள்ளே நடுச்சுவரைப் பாதி தூரத்துக்கு எடுத்துவிட்டு, 15 இன்ச் குழாய் போல வேலை செய்ய வைத்தார்கள். அதில் 400 குதிரைத்திறன். டார்க் 465-க்கு இறங்கியது, உச்சம் வந்த இடமும் 3,600-க்கு ஏறியது. கீழே விட்டதைத்தான் மேலே எடுத்தார்கள். இரண்டும் வேண்டும் என்றவர்கள் நீளம் மாறும் குழாய்க்குப் போனார்கள். 1991-ல் லெ மான் ஜெயித்த மாஸ்டா 787பி-யின் ரன்னர்கள் ஓடும்போதே நீண்டு சுருங்கும்.

உங்கள் எஞ்சினின் 85 குதிரைத்திறன் 6,000-ல் வருகிறது என்று கொண்டால், அங்கே டார்க் சுமார் 101 நியூட்டன் மீட்டர். அதே டார்க்கை 7,000 வரை பிடித்து வைத்தால் 99 குதிரைத்திறன். டார்க் 87-க்கு விழுந்துவிட்டால் 7,000-லும் அதே 85-தான், கத்தல் மட்டும் மிச்சம். ஸ்டாக் கேம், அதாவது கம்பெனி வைத்துக் கொடுத்த கேம், வால்வைச் சீக்கிரம் மூடிவிடும். 7,000-ல் அலை எவ்வளவு சரியாக வந்தாலும் கதவு சாத்தியிருக்கும். கேம், அதற்கேற்ற வால்வு ஸ்பிரிங், எக்ஸாஸ்ட், ரன்னர் நான்கும் ஒரே ஆர்பிஎம்முக்கு ஒத்துப்போக வேண்டும். அதில் ரன்னர் கடைசி. ஸ்டாக் ஸ்பிரிங்கோடு 7,000-ஐத் தாண்டுவதை நான் செய்யமாட்டேன்.

கரி டிராக் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், வளைவுகள் அதிகம். 7,000-ல் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால் ஆர்பிஎம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்து 4,700 வாக்கில் நிற்கும். அங்கே எஞ்சின் செத்துக் கிடந்தால், நேர்கோட்டில் பிடித்ததை ஒவ்வொரு வளைவிலும் திருப்பிக் கொடுப்பீர்கள். அதனால் 60, 80 மி.மீ. வெட்டிப் பார்ப்பதுதான் என் வரம்பு.

குடைவதிலும் இதே கதை. உங்கள் எஞ்சினின் போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5. ரன்னர் உள்விட்டம் 34 மி.மீ. என்றால் 6,000-ல் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 71 மீட்டர். அதை 38 ஆகக் குடைந்தால் 57-க்கு இறங்கும். காற்று வேகமாக வந்தால்தான் அதன் உந்துதலே சிலிண்டரை நிரப்பும். விட்டத்தை விட்டுவிட்டு, கேஸ்கெட் சேரும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ரன்னர் ஹெட் போர்ட்டைவிட மயிரிழை அளவு சிறிதாக இருந்தால் பரவாயில்லை. பெரிதாக இருந்து காற்றுக்கு எதிரே படிக்கட்டு மாதிரி விளிம்பு நின்றால்தான் கெடுதல். பிளீனத்துக்குள் ரன்னரின் வாய் கூராக வெட்டிய குழாயாக இருக்கக் கூடாது. நாதஸ்வரத்தின் அணசு போல விரிந்து, விட்டத்தில் கால் பங்கு ஆரத்தில் உருண்டிருக்கட்டும். பாதி வேலை இதில்தான் இருக்கிறது, யாரும் செய்வதில்லை. உட்பக்கத்துக்கு 80 நம்பர் எமரி போதும். கண்ணாடிப் பாலிஷில் பெட்ரோல் துளிகள் சுவரில் ஒட்டி வழியும்.

வெட்டுவது பிளீனம் பக்கத்தில் இருக்கட்டும், இன்ஜெக்டர் உட்காரும் பகுதியைத் தொட வேண்டாம். பழைய அலுமினிய வார்ப்பில் எண்ணெய் ஊறியிருக்கும். நன்றாகக் கழுவிச் சூடாக்காமல் டிக் வெல்டிங் வைத்தால் ஓட்டை ஓட்டையாக வரும். ஃபிளாஞ்சைத் தடித்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வெல்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வளையும். பிறகு முகத்தை மில்லிங்கில் ஒரு சீவு. பிரேக் பூஸ்டருக்குப் போகும் வாக்யூம் இணைப்பை மறந்து அடைத்துவிட்டால் முதல் வளைவிலேயே பிரேக் கல்லாக இருக்கும்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்கு நீங்கள் ரன்னரை வெட்டியது தெரியாது. அது பழைய அட்டவணைப்படியே ஊற்றும், மேலே கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, அந்த அட்டவணையைத் திருத்தும் மேப்பிங் செய்யாமல் 6,000-ஐத் தாண்டாதீர்கள். வண்டியை ரோட்டிலும் ஓட்டுவதாக இருந்தால், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் இன்சூரன்ஸையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் பழைய மேனிஃபோல்டு ஒன்று கிடைக்கும். கத்தியை அதில் வையுங்கள், ஒரிஜினலைத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில், எஞ்சின் திறனை அளக்கும் ஒரே டைனோவில் மாட்டிப் பார்த்து, 4,500-லிருந்து 7,000 வரையிலான இரண்டு கோடுகளையும் எனக்கு அனுப்புங்கள்.