‘உங்கள் பிள்ளைக்கென்று பணம் வரவில்லை’ என்று பள்ளி சொன்னால்

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகனுக்கு 7 வயது, இயர் 2 படிக்கிறான். ரீச்சர் சொல்வது விளங்காமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறான். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுகிறான். பள்ளியில் கேட்டால், “அவனுக்கென்று பணம் வரவில்லை, 6,000 பவுண் நாங்கள் செலவழித்துக் காட்டினால்தான் கவுன்சில் பார்க்கும், முதலில் டாக்டரிடம் என்ன குறைபாடு என்று எழுதி வாங்கி வாருங்கள்” என்கிறார்கள். டாக்டரின் காத்திருப்புப் பட்டியலோ வருடக்கணக்கில் நீள்கிறது. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பின்தங்குகிறான் என்றும் ஒரு ரீச்சர் சொன்னார். நாங்கள் கணவரின் வேலை விசாவில் இருக்கிறோம். உதவி கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? – ஒரு தாய், லண்டன்

அன்பான தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அந்தப் பயம்தான் எங்கள் பெற்றோர் பலரைப் பள்ளிக் கூட்டங்களில் வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறது. உங்கள் விசாவில் ‘பொது நிதி பெற முடியாது’ என்ற நிபந்தனை இருக்கக்கூடும். அது யூனிவர்சல் கிரெடிட், பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ. (உடல், மனச் சிரமங்களால் மேலதிகப் பராமரிப்பு தேவைப்படுகிற பிள்ளைக்கான பணம்) போன்ற குறிப்பிட்ட கொடுப்பனவுகளைப் பற்றியது. பள்ளிக்கூடமும், பள்ளிக்குள் கிடைக்கும் விசேட கல்வி உதவியும் அந்தப் பட்டியலில் இல்லை. மகனுக்காகப் பள்ளியிடமோ உள்ளூராட்சி சபையான கவுன்சிலிடமோ கல்வி உதவி கேட்பதால் நீங்கள் எந்த நிபந்தனையையும் மீறவில்லை. தைரியமாகக் கேளுங்கள்.

இனிப் பணம். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் வேறு சட்டங்கள். இங்கே ஒவ்வொரு சாதாரண அரசுப் பள்ளிக்கும் வருகிற ஆண்டு நிதிக்குள்ளேயே விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென ஒரு பங்கு கணக்கிடப்பட்டிருக்கிறது. அது பிள்ளையின் பெயர் எழுதிய உறையில் வருவதில்லை. வழமையான செலவுக்கு மேல் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 6,000 பவுண் வரை தேவைப்பட்டால், பள்ளி அதைத் தன் நிதியிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு மேல் தேவைப்படுவதைக் கவுன்சில் ‘டாப்-அப்’ என்று கொடுக்கும். ஆகவே ‘அவனுக்கென்று பணம் வரவில்லை’ என்பது பொய் இல்லை. ஆனால் அது உதவி செய்யாமல் இருப்பதற்கான காரணமும் இல்லை.

பள்ளியை வில்லனாக்கவும் நான் விரும்பவில்லை. 2013இல் வைத்த அந்த 6,000 பல வருடமாக 6,000 ஆகவே நின்றது. உதவி ஆசிரியரின் சம்பளம் அப்படி நிற்கவில்லை. சென்கோ, அதாவது விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர், பல இடங்களில் தன் வகுப்பையும் பார்த்துக்கொண்டு இந்த வேலையையும் செய்கிறார். அவர் உங்கள் எதிரி இல்லை. அவரோடு பணத்தைப் பற்றி வாதாடினால் இரண்டு பேருமே சுவரில் முட்டிக்கொள்வீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: என் மகனுக்கு என்ன உதவி, யார் தருவார், வாரத்தில் எத்தனை தடவை, எத்தனை நிமிடம், அது பலன் தந்ததா என்று எப்போது பார்ப்போம்? பதிலை எழுத்தில் கேளுங்கள். கூட்டம் முடிந்த அன்றிரவே, “இன்று பேசியதில் நான் விளங்கிக்கொண்டது” என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் கைகொடுக்கப்போவது அந்த நான்கு வரிதான். விசேட உதவி பெறும் பிள்ளையின் பெற்றோரைப் பள்ளி வருடத்துக்கு மூன்று தடவையாவது சந்திக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டி சொல்கிறது. அந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

டாக்டரின் கடிதம் இல்லாமல் உதவி இல்லை என்பது தவறு. 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் நோயின் பெயரைக் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிட மேலதிகமான அல்லது வேறுவிதமான கற்பித்தல் தேவைப்படுகிற அளவுக்குப் பிள்ளைக்குச் சிரமம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. டாக்டரின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கட்டும், விலக வேண்டாம். அதற்காகக் காத்துக்கொண்டும் இருக்க வேண்டாம். இடையில் குடும்ப வைத்தியரான ஜி.பி.யிடம் சொல்லிக் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். இந்த வயதில் காதுக்குள் நீர் கட்டிக் கேட்கும் திறன் மங்குவது சாதாரணமாக நடப்பது. சொல்வது விளங்காமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறான் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

வீட்டுத் தமிழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறு என்ற காரணத்தால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. நல்ல விதி. இதை மறுபக்கமாகப் பிடித்து, உண்மையான சிரமத்தையும் ‘ஆங்கிலம் வந்ததும் சரியாகிவிடும்’ என்று மூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்கு உங்களிடம்தான் பதில் இருக்கிறது. அவனுடைய தமிழைப் பாருங்கள். “சொக்ஸை எடுத்து, கதிரையில வச்சிட்டு, இங்க வா” என்று ஒரே மூச்சில் சொன்னால் மூன்றையும் செய்கிறானா, எடுத்த கையோடு நிற்கிறானா? வாட்ஸ்அப்பில் அம்மம்மா “இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது?” என்று கேட்டால் முன்பின் வரிசையாகச் சொல்கிறானா, கேள்வியையே திருப்பிச் சொல்கிறானா? இரண்டு வாரம் கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான் என்றால் அந்த ஆசிரியரிடமும் அரைப்பக்கம் எழுதி வாங்குங்கள். சிரமம் தமிழிலும் இருக்கிறது என்று காட்டிவிட்டால், ஆங்கிலத்தின் மேல் பழியைப் போட முடியாது. தமிழ் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் நீங்கள் பேசினால் அவன் கேட்கும் பேச்சே குறைந்துவிடும்.

பள்ளி தருகிற உதவி போதவில்லை என்றால் அடுத்த படி ஈ.எச்.சி. (கல்வி, சுகாதாரம், பராமரிப்பு) திட்டம். இது பிள்ளைக்கு என்னென்ன தேவை, என்னென்ன கொடுக்க வேண்டும் என்று கவுன்சிலைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஆவணம். அதற்கான மதிப்பீட்டைக் கேட்கப் பள்ளியின் சம்மதம் வேண்டாம். சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி பெற்றோரே கேட்கலாம். கவுன்சிலின் விசேட கல்விப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும்: பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பள்ளி, அவனுக்கு விசேட கல்வித் தேவை இருக்கிறது, அல்லது இருக்கக்கூடும் என்று நினைக்கிறோம், அதற்கு ஈ.எச்.சி. திட்டம் தேவைப்படக்கூடும், 36ஆம் பிரிவின்படி மதிப்பீடு செய்யுங்கள். ‘கூடும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டத்தில் சட்டம் கேட்பது அவ்வளவுதான். பள்ளி 6,000 பவுண் செலவழித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் கொப்பியையும் பள்ளி மின்னஞ்சல்களையும் இணைத்துவிடுங்கள்.

கேட்ட நாளிலிருந்து 6 வாரத்துக்குள் மதிப்பீடு செய்வோமா இல்லையா என்று கவுன்சில் சொல்ல வேண்டும். திட்டம் கொடுப்பதாக இருந்தால் 20 வாரத்துக்குள் கையில் இருக்க வேண்டும். பல இடங்களில் தாமதமாகிறது என்பதும் உண்மை, ஆகவே திகதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, ஏழாவது வாரத்தின் முதல் நாளே எழுதிக் கேளுங்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் மனம் உடைய வேண்டாம். முதல் தடவை மறுப்பது அடிக்கடி நடப்பதுதான். கடிதத்தின் திகதியிலிருந்து 2 மாதம், அல்லது சமரசச் சான்றிதழ் (சமரசப் பேச்சு வழியைப் பற்றிக் கேட்டறிந்தீர்கள் என்பதற்கான சான்று) பெற்றதிலிருந்து 1 மாதம், எது பிந்தியதோ அதற்குள் விசேட கல்வித் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் தருவார்கள். தீர்ப்பு வரை போகிற மேன்முறையீடுகளில் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் பக்கமே முடிகின்றன. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் பெற்றோருக்கு இலவச ஆலோசனை தரும் ‘செண்டியாஸ்’ என்ற சேவை இருக்கிறது. சட்டப் பக்கத்துக்கு ‘இப்சீ’ என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது.

திட்டத்தின் வரைவு வந்ததும் கருத்துச் சொல்ல 15 நாளாவது தர வேண்டும். நேரே ‘எஃப்’ பகுதிக்குப் போங்கள். மற்றப் பக்கங்களில் பிள்ளையைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், கவுன்சில் கட்டாயம் கொடுக்க வேண்டிய கல்வி உதவி எழுதியிருப்பது அங்கேதான். “தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சிக்கு வாய்ப்பளிக்கப்படும்” என்று இருந்தால் கையெழுத்துப் போடாத காசோலை மாதிரி. “பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு தடவை, 45 நிமிடம், தனியாக” என்று இருக்க வேண்டும். ‘தேவைக்கேற்ப’, ‘வாய்ப்பு’, ‘இயன்றவரை’ என்று வருகிற இடமெல்லாம் கோடு போட்டு, யார், எத்தனை நிமிடம் என்று எழுதிக் கேளுங்கள். அப்படி எழுதப்பட்டுவிட்டால், பள்ளியில் பணம் இருக்கிறதா என்பது உங்கள் கவலை இல்லை. அதைக் கொடுக்கும் கடமை கவுன்சிலுடையது.

நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ உள்ளவர்கள் வீட்டுக்கு வருகிற டி.எல்.ஏ. பணத்தையும் விடக்கூடாது. (தங்கைக்கு: நீங்கள் இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். பிள்ளை பிரித்தானியக் குடியுரிமை உள்ளவன் என்றால் நிலைமை மாறலாம். குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.) இதற்கும் நோயின் பெயர் கட்டாயம் இல்லை, பெற்றோரின் வருமானமும் பார்ப்பதில்லை. 2025-26இல் பராமரிப்புப் பகுதி மட்டும் வாரத்துக்கு 29.20, 73.90 அல்லது 110.40 பவுண். தொலைபேசியில் படிவம் கேட்டு 6 வாரத்துக்குள் நிரப்பி அனுப்பினால், அழைத்த நாளிலிருந்து கணக்கு.

அந்தப் படிவத்தில் எங்கள் தாய்மார் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ‘சாப்பிட உதவி வேண்டுமா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டுவிடுவார்கள். ஒரு தாயிடம் நான் திருப்பிக் கேட்டேன். “நான்தானே ஊட்டிவிடுகிறேன், அதில் என்ன?” என்றார். எங்கள் வீடுகளில் 7 வயதில் ஊட்டுவது பாசம், அதனால் அது உதவியாகவே கண்ணில் படுவதில்லை. ஊட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “தட்டு அப்படியே இருக்கும். பின்னேரம் வரைக்கும் இருக்கும்” என்றார். அதை எழுதச் சொன்னேன்: எத்தனை வேளை, ஒவ்வொரு வேளையும் எத்தனை நிமிடம், விட்டால் என்ன ஆகும் என்று.