டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் அசிட்டிலீன்

கேள்வி: எங்கள் மில் டிரான்ஸ்பார்மர் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் எண்ணெய்ச் சோதனையில் அசிட்டிலீன் வாயு கொஞ்சம் வந்திருக்கிறது. உடனே நிறுத்தணுமா?

பதில்: பதறாதீர்கள், அதற்காக ரிப்போர்ட்டை மேஜைக்குள் போட்டும் பூட்டிவிடாதீர்கள். எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுவை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று ஊகிக்கலாம்: எத்திலீன் தூக்கலாக இருந்தால் எங்கோ எண்ணெய் கடுமையாகச் சூடாகிறது, கார்பன் மோனாக்சைடு கூடினால் காயிலைச் சுற்றிய காகிதம் கருகுகிறதா என்று சந்தேகப்படணும்; அசிட்டிலீனோ பெரும்பாலும் ஆர்க் (மின்பொறி) அடிக்கும் இடத்தில்தான் பிறக்கும், அதனால்தான் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) வந்தாலே நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆனால் ஆன்லோடு டேப் சேஞ்சர் (லோடு ஓடும்போதே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) இருந்தால், அதன் அறையில் ஆர்க் அடிப்பது சகஜம், அந்த எண்ணெய் மெயின் டேங்குக்குள் கசிந்தாலும் இதே ரிசல்ட் வரும். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் கண்ணாடி சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் மறுபடி சாம்பிள் எடுத்து அனுப்புங்கள். அளவு ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள், புக்கோல்ஸ் ரிலே (உள்ளே வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் கருவி) அலாரம் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.