வெட்டின தேக்கு மறுபடி தழைக்குமா?

கேள்வி: எங்கள் 2 ஏக்கர் செம்மண் நிலத்தில் தேக்கு, வேம்பு, வாகை, புங்கன் கலந்து நிற்கின்றன. நட்டு 18 வருஷம் ஆகிறது. பருத்த தேக்கை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக்கொள்வதாகவும், கட்டை தானே தழைத்துவிடும் என்றும் வியாபாரி சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: அப்படிக் கொடுக்காதீர்கள். தேக்குக் கட்டை நன்றாகவே துளிர்க்கும், ஆனால் வெயில் இல்லாமல் வளராது. ஒற்றை மரம் எடுத்த இடைவெளியைப் பக்கத்து வாகையும் புங்கனும் சீக்கிரமே மூடிவிடும். அடியில் வந்த துளிர் வெளிறிச் செத்துப்போகும். மரங்கள் 40 அடி உயரம் என்றால், 40 முதல் 60 அடி அகலத்துக்கு ஒரே இடமாகத் திறந்துவிடுங்கள். குளிர்நாட்டுக் கலப்புக் காடுகளிலும் இதே கணக்குதான்: ஒன்றிரண்டு மரம் எடுத்தால் நிழல் தாங்கும் பீச்சும் மேப்பிளும் வரும், பிர்ச் வரப் பெரிய திறப்பு வேண்டும். பருத்ததை மட்டும் எடுத்தால் கோணலும் கவட்டையும்தான் மிஞ்சும். நாளைக்கு விதை போடுவதும் அவைதான். திறக்கும் இடத்தில் கோணலையும் சேர்த்தே வெட்டுங்கள்.

வெட்டுக்கு ஏற்றது இலை உதிர்ந்து நிற்கும் தை, மாசி. அப்போது சத்து வேரில் இருக்கும், கோடை மழைக்குத் துளிர் வேகமாகக் கிளம்பும். கட்டை அரைச் சாணுக்கு மேல் வேண்டாம். உயரத்தில் வரும் துளிருக்குப் பிடிப்பில்லை, ஆடிக் காற்றில் பிய்ந்துவிடும். மரம் சாயும் பக்கம் முதலில் வாய் வெட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் அறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விழும்போது பட்டை உரியும். துளிர்க்கண் பட்டையில்தான் இருக்கிறது. பட்டை போனால் அந்தப் பக்கம் துளிரும் போச்சு. வெட்டு முகம் சரிவாக இருக்கட்டும், மழைத் தண்ணீர் தேங்காது.

கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கிளம்பும், கசக்கினால் விரல் சிவக்கிற கொழுந்துகள். எல்லாவற்றையும் விட்டால் ஒன்றும் தேறாது. இடுப்பளவு வந்ததும் 3 மட்டும் விட்டு மீதியைக் கழியுங்கள். மறு வருஷம் மண்ணை ஒட்டி, காற்று வரும் பக்கம் இருக்கிற ஒன்றே போதும். காற்று அதைக் கட்டையோடு சேர்த்து அழுத்தும், பிய்க்காது.

ஆட்டை உள்ளே விடாதீர்கள். வேம்பு, வாகைத் துளிரைக் கடிப்பதோடு, சீமைக்கருவேல நெற்றைத் தின்று புழுக்கையில் விதைத்துவிடும். முளைத்தால் முதல் மழை ஈரத்திலேயே வேரோடு பிடுங்குங்கள்.

கேள்வி: திறந்த இடத்தில் வேம்பு விதைக்கலாமா?
– வாசகி, அலங்காநல்லூர்

பதில்: தாராளமாக. ஆனி, ஆடியில் விழும் பழத்தைச் சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் ஊன்றுங்கள். நாள் போனால் முளைப்பு செத்துவிடும். அப்போது மழை இல்லையென்றால் பையில் கன்றாக்கி, ஐப்பசியில் நடுங்கள்.