சேகர் வீட்டு வாத்தியங்கள்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 14 வயது. ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறான். காதில் விழுந்த பாட்டை அப்படியே வாசித்துவிடுவான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இசைதான் படிப்பேன் என்கிறான். என் கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் பாட்டுக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. "ஏ.ஆர். ரஹ்மானுக்கு அப்பாவே இசையமைப்பாளர். அதெல்லாம் ரத்தத்தில் வருவது" என்கிறார் என் அண்ணன். அவர் சொல்வது சரியா?

ஜெ., குலசேகரம்

அன்புள்ள ஜெ.,

ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகர் இசையமைப்பாளர், அதுவரை உங்கள் அண்ணன் சொல்வது சரி. ரத்தம் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் என் வயதுக்காரர்களுக்குப் பாட்டு கேட்கச் சொல்லித் தந்தது திருவனந்தபுரம் வானொலி. உங்கள் பக்கத்து ஊரான திருவட்டாற்றில் பிறந்த கமுகரா புருஷோத்தமனின் குரலை நான் முதலில் கேட்டதும் அதில்தான். பாட்டுக்கு முன்னால் படம், எழுதியவர், இசை, பாடியவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். மலையாள இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் பெயர் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அந்தப் பாட்டுகளுக்குள் சேகரின் உழைப்பும் இருந்தது எனக்கு வெகுகாலம் தெரியாது. அவர் செய்த வேலைக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

அது என்ன வேலை? இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டுப் போட்டுத் தருவார். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே என்ன வர வேண்டும், அதை வயலின் எடுப்பதா புல்லாங்குழல் எடுப்பதா, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் எது வந்து நிற்கும் என்று முடிவுசெய்து, ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் நொட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு மலையாளப் படப்பாட்டுகளும் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயின. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிப்பார்கள். ஒருவர் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதிரே நின்று கைகாட்டி அவர்களை நடத்திக்கொண்டு போகிறவர் அரேஞ்சர். 1964-இல் வந்த 'பழசிராஜா' தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட படங்களுக்குச் சேகர் தாமே இசையமைத்திருக்கிறார். 'சொட்ட முதல் சுடல வரெ' அந்த முதல் படத்துப் பாட்டுதான். ஆனாலும் அவருடைய உழைப்பில் பெரும்பங்கு பிறருடைய மெட்டுகளுக்கே போனது. 1968-இல் அர்ஜுனன் சினிமாவுக்கு வந்ததிலிருந்து சேகர் கண்மூடும் வரை அவர்கள் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

1976-இல் சேகர் இறந்தார். அவருக்கு வயது 43. ரஹ்மான் அப்போது திலீப், ஒன்பது வயதுப் பையன்.

இந்த இடத்தில்தான் உங்கள் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. சேகர் வாங்கிச் சேர்த்த வாத்தியங்கள் வீட்டில் இருந்தன. அவற்றை விற்று வட்டியில் பிழைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். திலீப்பின் அம்மா விற்கவில்லை. வாத்தியங்களை வாடகைக்கு அனுப்பினார், அந்த வருமானத்தில் வீடு நடந்தது. நண்பரின் மகனை அர்ஜுனன் தம் குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்த்துக்கொண்டார். இந்த அர்ஜுனன் யார் தெரியுமா? சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பழனியில் ஓர் ஆசிரமத்தில் வளர்ந்து, அங்கேதான் இசை கற்றவர். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பிறகு இளையராஜா, எம்.எஸ். விஸ்வநாதன் என்று பலருடைய பதிவுகளிலும் அந்தப் பையன் வாசித்தான். விளம்பரங்களுக்கு இசையமைத்தான். 1992-இல் 'ரோஜா' வந்தபோது அந்தக் கைகளுக்குப் பதினைந்து வருடப் பழக்கம் இருந்தது. அதே ஆண்டில் அவர் இசையமைத்த மலையாளப் படம் 'யோத்தா'. அப்பா உழைத்த மொழிக்கு மகன் வந்ததை நம் பக்கத்தில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆக, அவருக்குக் கிடைத்தவை விற்கப்படாத வாத்தியங்கள், விற்காத அம்மா, அப்பாவின் சிநேகிதர், பிறர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு. இவை பெரிய சொத்து. உங்கள் மகனுக்கு இவை இல்லை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இவற்றில் எதுவும் ரத்தத்தில் ஓடுவதில்லை, பிறராலும் தர முடியும். ரஹ்மானே 2008-இல் சென்னையில் இசைப்பள்ளி தொடங்கினார். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காக சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவையும் நடத்துகிறார். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் அப்பா பெயரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்வதில்லை.

இசைதான் பிழைப்பு என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கிறது. காதால் கேட்டு வாசிப்பது நல்ல வரம், அதோடு அவனை நிற்க விடாதீர்கள். நொட்டேஷன் படிக்கவும் எழுதவும் தெரிந்த ஆர்கன் வாசிப்பவர் நம் பக்கத்துச் சபைகளில் தேடினால் கிடைப்பார். வாரம் ஒருநாள் அவரிடம் அனுப்புங்கள். பாடகர் குழு நான்கு குரலாகப் பிரிந்து பாடும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. அவனுக்குப் பிடித்த கீர்த்தனை ஒன்றை எடுத்து, சரணங்களுக்கு நடுவே வரும் இசையை அவனே யோசித்து, குழுவில் யார் எதை வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுதட்டும். எழுதி முடித்ததும் அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.